எடையில்லாத கூடுகள்

வெளிநாட்டுப் பட்டுநூலுக்கு இறக்குமதி வரியைக் குறைத்த மறுநாள், ஜவளகிரி சென்னம்மாவின் பட்டுக்கூடுகளுக்கு எடை இல்லாமல் போனது. ஆவணி மாதம், வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. அறுபது கிலோ தேற வேண்டிய கூடுகள் மூங்கில் தட்டுகளை விட்டுக் கிளம்பி, புழு வளர்க்கும் மனையின் தகரக் கூரைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டன. அவள் ஒட்டடைக் குச்சியால் ஒவ்வொன்றாக இறக்கி, கொசுவலையில் அடைத்து, வலையைத் தூணில் கட்டினாள்.

வரிச் செய்தி அப்போது அவளுக்குத் தெரியாது. புழு வளர்ப்பவர்களுக்கு எது கெட்டாலும் முதல் சந்தேகம் வாசனையின் மேல்தான். மனைக்குள் ஊதுபத்தி கூடாது, தாளிக்கிற நெடி கூடாது, தலையில் பூவோடு நுழையக் கூடாது, வாசலில் பிளீச்சிங் பவுடரை மிதிக்காமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. இதில் எதையும் அவள் தவறவிடவில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து நிலம். அங்கே அவள் கொழுந்தன் பிரதாப் பசுமைக்குடில் போட்டு, வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பிக்கொண்டிருந்தான். போய் வரப்பில் நின்றாள்.

“உன் பூவுக்கு அடிச்ச மருந்து என் மல்பெரி மேல பட்டுதான் இப்பிடி ஆயிருக்குது.”

“மருந்து பட்டா புழு சாவும் அண்ணி. எங்கியாவது கூடு பறக்குமா?”

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் வலையைச் சுமந்து, அதாவது அது மேலே போகாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டுச் சந்தைக்குப் போனாள். அங்கே தளிப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் அதேபோல வலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள். வரி குறைந்த விஷயத்தைச் சொன்னது நூல் எடுக்கும் பாஸ்கரன். ஒரு கூட்டை வெந்நீரில் போட்டு இழுத்தான். தொள்ளாயிரம் மீட்டர், ஓர் இடத்திலும் அறவில்லை.

“நூலுல குத்தமே இல்லம்மா. ஆனா கிலோ கணக்குல வாங்கற பொருளு. தராசு சைபர் காட்டுது.”

“அந்த வெளிநாட்டு நூல வாங்காத.”

“தறிக்காரன் அதத்தான் கேக்கறான். வெல கொறஞ்சதுலதான் மூணு மாசமா நின்ன தறிய மறுபடி ஓட்டறானாம். அவன் வூட்லயும் ஒல வெக்கணுமில்ல?”

திரும்பி வந்து பிரதாப்பிடம் தானாகவே பேச்சைத் தொடங்கினாள். வரியைத் திரும்பக் கூட்டச் சொல்லி மனுக் கொடுக்கிறார்களாம், கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டாள்.

“நாம வெளிநாட்டு நூலுக்குக் கதவ மூடுனா அவங்களும் மூடுவாங்க அண்ணி. என் பூ அப்புறம் எங்க போவும்? குடில்ல முப்பது பொம்பளைங்க வேல செய்யறாங்க, எல்லாம் நம்மூருதான்.”

“தொறக்கட்டும், வேணாங்கல. ரெண்டு வருசம் முன்னாடி சர்க்காரு சொல்லியிருந்தா நானும் வேற எதுனா பாத்திருப்பேன்ல?”

அவன் கையெழுத்துப் போடாமலே குடிலுக்குத் திரும்பினான். வரப்பில் நின்று திட்டுவதற்கு இனி ஓர் ஆளும் கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மனு அரசு அலுவலகத்துக்குப் போயிற்று, மாதிரிக்கு இரண்டு கூடுகளோடு. நாற்பது நாளில் பதில் வந்தது. கூடுகள் முதல் தரம், எடை இந்த அலுவலகத்தின் வரம்பில் வராது. ஐப்பசியில் வரி கூடப்போவதாகப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்த அன்று விற்காமல் வலையோடு கூரையில் முட்டிக்கிடந்த கூடுகள் ஒரு முழம் இறங்கின. மறுநாள் மறுப்பு வந்ததும் ஏறிக்கொண்டன. இன்னும் இரண்டு ஈடு புழு வளர்த்துப் பார்த்தாள். தை மாதம் இரண்டு ஏக்கர் மல்பெரியையும் வேரோடு எடுத்துவிட்டு, நிலத்தைப் பிரதாப்புக்குக் குத்தகைக்கு விட்டாள். அவன் குடிலை அதுவரை நீட்டினான்.

ஓசூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை கிடைத்தது. சேர்கிற அன்று உடல் பரிசோதனை. எடை மெஷினில் ஏறி நின்றாள், முள் அசையவில்லை. மதுரைப் பக்கத்துப் பெண் சத்யப்ரியாதான் படிவம் நிரப்பினாள். “உங்க பக்கத்துல இருந்து வர்றவங்க நெறைய பேருக்கு இப்படித்தான்க்கா இருக்கு” என்று சொல்லி, சைபர் எழுதிவிட்டு உயரம் பார்க்கக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“புதுசா? சன்னல மூடிக்கினு உக்காரும்மா. மேம்பாலத்துல காத்து ஜாஸ்தி.”

அவள் மூடினாள். பஸ்ஸில் மற்ற எல்லாச் சன்னல்களும் ஏற்கெனவே மூடியிருந்தன.