எட்டு, மூன்று

திங்கட்கிழமை மாலை ஞானசௌந்தரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து என் மேஜையில் மெமோவை வைத்தாள். கிண்டியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவள் பஞ்ச் ஆபரேட்டர், புரோகிராமை வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுத் தருகிறவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முந்நூறு அட்டைகளிலும் குறிகளைத் தப்பாகக் குத்தியிருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை கிடையாது என்று மேலதிகாரி வில்பிரட் எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன்.

"எல்லார் முன்னாலயும் படிச்சாருப்பா. 'வேதசிரோமணி பொண்ணாச்சேன்னு வேலை குடுத்தேன், பேருதான் பெருசு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

நான் ரயில்வேயில் இருபத்தாறு வருஷம் இதே துளை அட்டைகளோடு இருந்து ஓய்வுபெற்றவன். என் பெயரைச் சொல்லிச் சிரிக்க இதுவரை யாரையும் விட்டதில்லை.

அட்டைக் கட்டையும் கம்ப்யூட்டர் அச்சடித்த தாளையும் அவள் கொண்டுவந்திருந்தாள். எழுத்தும் எண்ணும் சரியாக இருந்தன. சமக்குறி வரவேண்டிய இடத்திலெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு. அடைப்புக்குறி வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறி. வரிக்கு வரி பிழை. முந்நூறு இடத்தில் ஒரே மாதிரி தப்புச் செய்ய மனுஷியால் முடியாது.

அவளுடைய பைபிளில் அடையாளத்துக்கு ஓர் அட்டை வைத்திருந்தாள். அதே புரோகிராமைக் கூட வேலை பார்க்கிற மெட்டில்டா முன்பு புது மெஷினில் குத்தியபோது உருவானது, அந்தக் கட்டே நைந்துபோனதால் கழித்துவிட்டார்கள். அதைப் புதிதாகக் குத்த என் மகளை வில்பிரட் உட்காரவைத்தது, அவனே தேடிப்பிடித்து வாங்கிய செகண்ட்ஹேண்ட் மெஷினில். அதில் ரிப்பன் காய்ந்து, அட்டையின் தலையில் எழுத்தே விழாது. துளைகள் மட்டும்தான்.

அவள் முகம் கழுவப் போனதும், அட்டைக் கட்டிலிருந்து அதே வரிக்கான அட்டையை உருவி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் வெயிலில் பிடித்தேன். எழுத்துகளில் துளைக்குத் துளை வெளிச்சம் வந்தது. சமக்குறியில் பாதி அடைத்துக்கொண்டது. புது மெஷின் எட்டாம் வரிசையிலும் ஆறாம் வரிசையிலும் குத்தியிருந்தது. பழையது எட்டிலும் மூன்றிலும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது புது மெஷினின் துளைகள் மட்டும். தப்பு விரலில் இல்லை, மெஷினை வாங்கினவனிடம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் புரோகிராம் ஓடுவதைப் பார்க்க வெள்ளிக்கிழமை ஜெனரல் மேனேஜர் வருகிறார்.

"விளக்கம் எழுதாதே. வெள்ளிக்கிழமை நான் வரேன்."

"ஏதாவது தெரிஞ்சுதாப்பா?"

"வரேன்னு சொன்னேன்ல."

வில்பிரட் முந்நூறையும் திரும்பக் குத்தவைத்தான். அதே மெஷினில், மூன்று தடவை. வியாழக்கிழமை ஞானசௌந்தரியின் வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. சாப்பிட ஸ்பூன் கேட்டாள். நான் என் கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் முன்னால் கம்ப்யூட்டர் மறுபடியும் அந்தக் கோடுகளையே அச்சடித்தது. வில்பிரட் என் மகளைக் கை காட்டும்வரை காத்திருந்து உள்ளே போனேன். மெமோவுக்குப் பதில் கொண்டுவந்திருப்பதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு, இரண்டு அட்டைகளையும் வில்பிரட்டிடம் கொடுத்தேன்.

"சமக்குறில எந்தெந்தத் துளைன்னு படிங்க தம்பி. மெமோ படிச்சீங்களே, அதே குரல்ல."

அவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "எட்டு, ஆறு. இதுல எட்டு… மூணு."

"இன்னொரு தடவை. கடைசில இருக்கறவங்களுக்குக் கேக்கல."

படித்தான். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குக் குறையாகவே இருந்தது. மேனேஜர் மெமோவை வாங்கிக் கிழித்தார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "திங்கட்கிழமையே சார்."

எனக்குப் பின்னால் என் மகளின் நாற்காலி நகர்ந்தது.

திரும்பும்போது ரயிலில் ஞானசௌந்தரி என்னோடு வராமல் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். தாம்பரத்தில் இறங்கியதும் அவள் பைபிளில் வைத்திருந்த அந்த அட்டையை அவளிடம் நீட்டினேன். துணி சுற்றிய கையால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிளாட்பாரத்தில் அட்டையின் நிழல் விழுந்திருந்தது, அதில் துளைக்குத் துளை வெயில்.