வழுக்காத தரை

என் தொழில் விழுவது. தெருமுனை, கல்லூரி வாசல், பேருந்து நிலையம், எங்கே இடம் கிடைத்தாலும் விழுந்து எழுந்து ஆடுவோம். நவீன நடனம் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. அக்காவின் கணவருக்குப் புரிந்தாலும் புரியாது. "கீழ விழுறதுக்குக் கைதட்டு வாங்குற ஒரே ஆளு நீதான்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அக்காவும் விழுவாள். எப்போதும் குளியலறையில், எப்போதும் வழுக்கி. ஒரு தடவை கன்னம் வீங்கியது, ஒரு தடவை உதடு கிழிந்தது. இந்த முறை மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஈரத் தரை, கவனிக்கல" என்றாள். "பார்த்து நடக்கக் கூடாதாம்மா" என்றார் அப்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழுக்குகிறவளுக்கு முழங்கை சிராய்க்கும், இடுப்பு கன்றிப்போகும். மேல்கையின் உட்புறத்தில் விரல் தடம் பதியாது.

இதில் கூத்து என்னவென்றால், அத்தான் டைல்ஸ் வியாபாரி. அதுவும் வழுக்காத டைல்ஸ். கடை வாசலில் அவர் படம் போட்ட பெரிய பலகை: "எங்கள் வீட்டில் பதித்ததையே உங்களுக்கும் தருகிறோம்."

புதுக் கடைத் திறப்பு விழாவுக்கு அழைக்க வந்தார். விழா முடிந்ததும் அக்காவை அப்படியே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் உன் ஆளுங்களும் வந்து ஒரு டான்ஸ் போடுங்க. டைல்ஸ் மேல தண்ணிய ஊத்தி ஆடணும்."

"வழுக்காதுன்னு எல்லாருக்கும் புரியற மாதிரி ஆடறோம் அத்தான்."

அவ்வளவு பணிவாக நான் பேசி அவர் கேட்டதே இல்லை. மனிதர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் பஸ் கண்டக்டர் ஒருத்தி, பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, உயரத்தால் பெயர் வாங்கிய நெட்டை ஒருத்தி. எங்கள் வீட்டு ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகை பார்த்தோம். நெட்டை என்னைப் பிடித்துத் தள்ள வேண்டும், நான் விழ வேண்டும். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்கு வேண்டாம்னா சொல்லு, நிறுத்திடறேன்" என்றேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை. நான் இன்னொரு முறை விழுந்தேன்.

"அப்படி இல்ல" என்றாள்.

நடன அசைவைத்தான் குறை சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"கை முன்னால வராது. அவர் பின்னால முறுக்கிப் பிடிச்சிருப்பார். முகம்தான் முதல்ல தரைக்கு வரும்."

கண்டக்டர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அருகில் வந்து, நல்ல கையால் என் கையைப் பின்னால் மடக்கிக் காட்டினாள், வலிக்காமல், மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"இன்னொரு தடவை விழு. சரியா வரணும்."

விழாவுக்குக் கட்டட மேஸ்திரிகள், இன்ஜினியர்கள், சொந்தக்காரர்கள் என்று நல்ல கூட்டம். நடுவில் டைல்ஸ் பதித்த மேடை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஓடினோம், சுழன்றோம், ஓடுகிற வேகத்தில் சட்டென்று நின்றோம். ஒருத்திக்கும் கால் நழுவவில்லை. பொய் சொல்லக் கூடாது, நல்ல சரக்குதான். கூட்டம் கைதட்டியது. அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு பாட்டை நிறுத்தினோம். நெட்டை என் முடியைப் பிடித்தாள், கையைப் பின்னால் முறுக்கினாள். முகம் முதலில் வர விழுந்தேன். எழுந்து கூட்டத்தைப் பார்த்து, "வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். மறுபடி விழுந்தேன். மறுபடி சொன்னேன். கண்டக்டர் விழுந்து எழுந்தாள்: "ஈரத் தரை, கவனிக்கல." நர்ஸ் விழுந்து எழுந்தாள்: "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு." கைதட்டல் நின்றுபோனது. முன்வரிசையில் ஒரு மேஸ்திரி தரையைப் பார்த்தார், அக்காவின் மாவுக்கட்டைப் பார்த்தார், கடைசியில் அத்தானைப் பார்த்தார்.

"போதும், இறங்குங்க" என்றார் அத்தான், சிரித்த முகம் மாறாமல்.

அக்கா எழுந்தாள். அப்பா அவள் முந்தானையைப் பிடித்தார், விடுவித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். இது ஒத்திகையில் இல்லாதது.

"ஏய், தண்ணியா இருக்கு. வழுக்கிடப் போற, கீழ இறங்கு" என்றார் அத்தான். பழக்கதோஷம்.

அக்கா ஈரத்தில் காலை நன்றாக ஊன்றி நின்றாள். அவரைப் பார்க்கவே இல்லை. டைல்ஸ் வாங்க வந்தவர்களைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இது வழுக்காதுங்க. எங்க வீட்டு பாத்ரூம்லயும் இதே டைல்ஸ்தான்."

மேடையிலிருந்து இறங்கினாள். வெளியே அத்தானின் டிரைவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா வெறுங்காலோடு அவரைத் தாண்டிப் போய் நாங்கள் வந்த வேனில் ஏறி, கண்டக்டருக்கு இடம் விட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் கடைசியாக ஏறி, வேனின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"போலாம், ரைட்."