நிலநடுக்கப் பொருத்தம்

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர்; சாதகம் பார்ப்பதில்லை. என் மனுசன் அகஸ்ரின் அதைவிடக் கொடுமையான ஒன்றைப் பார்க்கத் தொடங்கினார். நிலநடுக்கப் பட்டியல்!

எங்கள் மகள் அபிதாவுக்கு அலாஸ்காவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெடியன் பெயர் விமலராஜ். சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், அலாஸ்காவில் விமான நிலையத்தில் வேலை. மூன்று மாதமாக இரண்டு பேரும் போனில் கதைத்துக் கதைத்து, பிள்ளையின் முகத்தில் தனி வெளிச்சம். ஆனால் அப்பா ஓம் சொல்லாமல் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இவரோ இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ துறைமுகத்தில் வேலை இடைவேளையில் போனைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"அமெரிக்காவிலை கனக்க ஆடுறது அலாஸ்கா. ரெண்டாவது கலிபோர்ணியா. தேடித்தேடி முதலாவதையே பிடிச்சிருக்கிறியள்! ஆடாத புளோரிடாவிலை ஒரு பெடியன் கிடைக்கேல்லையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டாயிரத்து ரெண்டிலை இந்தப் பலேர்மோ ஆடேக்கை, இடுப்பிலை அவிண்ட சாரத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு என்னையும் விட்டிட்டு ரோட்டுக்கு ஓடினது ஆர்?"

"அது வேறை கதை, ஸ்ரெல்லா" என்றார்.

ஞாயிறு மாலை, அலாஸ்காவில் காலை. விமலராஜை வீடியோவில் அழைத்து, போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து, மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். அதுவரை இவர் விமலராஜின் பெயரைக்கூடச் சொன்னதில்லை. 'அந்தப் பெடியன்'தான்.

"ஓம் அங்கிள், அமெரிக்காவிலை வாற நடுக்கத்திலை கனக்க எங்கடை பக்கம்தான்" என்று விமலராஜ் ஒளிக்காமல் சொன்னான். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஏன் தம்பி அப்பிடி?" என்று நான் கேட்டேன்.

"பசிபிக் கடலுக்கு அடியிலை இருக்கிற பாறைத்தட்டு அலாஸ்காவுக்குக் கீழை நுழையுது, அன்ரி. ஒரு பாயை மற்றப் பாய்க்குக் கீழை தள்ளிப் பாருங்கோ. சிக்கி நிக்கும், பிறகு சடக்கெண்டு வழுக்கும். கலிபோர்ணியாவிலை ரெண்டு தட்டு பக்கத்திலை பக்கத்திலை உரஞ்சுது. ஒக்லஹோமாவிலை எண்ணெய்க் கிணத்துக் கழிவுத் தண்ணியை ஆழத்துக்கு இறக்கி, மனிசரே ஆட்டி வைக்கினம்."

"புளோரிடா?" இவர் விடுவதாயில்லை.

"அது தட்டின்ரை ஓரத்திலை இருந்து நல்ல தூரம், அங்கிள். ஆடாது. ஆனா புயல் அள்ளிக்கொண்டு போயிடும்." அபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விமலராஜ் தொடர்ந்தான்: "உங்கடை சிசிலியையும் ஆபிரிக்கா தள்ளிக்கொண்டுதான் நிக்குது. என்ரை அம்மாவுக்குச் சரியான பயம். எரிமலைத் தீவிலையோ பொம்பிளை எடுக்கிறாய் எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா."

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இஞ்சை ஒண்டும் ஆடாது!" என்று மேசையில் அடித்தார்.

கோப்பைகள் கிலுகிலுத்தன. அவர் அடித்த அடி என்றுதான் நினைத்தேன். மேலே லைற்றும் ஆடியது. நானும் அபிதாவும் மேசைக்குக் கீழே பாய்ந்தோம். போன் நடுங்க, அதற்குள் விமலராஜின் முகமும் நடுங்கியது. அகஸ்ரின் ஓடவில்லை. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"மருமோன்! மேசைக்குக் கீழை போங்கோ! வெளியிலை ஓடாதேங்கோ, மருமோன்! தலையைப் பொத்துங்கோ!"

"மாமா, இஞ்சை ஒண்டுமில்லை" என்றான் விமலராஜ், கையில் கோப்பியோடு. "ஆடுறது உங்கடை வீடு."

அதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. மேசைக்குக் கீழிருந்து அபிதா தலையை நீட்டினாள். "அப்பா, அவரை என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

இவர் அசடு வழிய நின்றார். கட்டின என்னை விட்டுவிட்டு ஓடின மனுசன், மகளைக் கட்டப்போகிறவனை விட்டுவிட்டு ஓடவில்லை. கோபம் வரவேண்டிய எனக்குக் கண்தான் கலங்கியது.

"அப்ப ஓமோ?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாப் பிறகு என்னத்தை இல்லையெண்டுறது? ஓம்தான்." பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மருமோன், இஞ்சை ஆடினதை மட்டும் உங்கடை அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."