பற்ற வைக்கும் முன்

லதுசா அக்கா உட்துறைமுக வீதியில் ஒரு பச்சைக் கேற்றுக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தினாள். சுவரில் சின்னப் பலகை: ‘உளவளத்துணை. நேரம் பதிந்து வரவும்.’ கேற்றடியில், ஊருக்குள் திரியும் ஒரு புள்ளிமான் வாழைப்பழத் தோலைச் சப்பிக்கொண்டு நின்றது. நான் இறங்கவில்லை.

“மானே பயப்பிடாமல் நிக்குது. இறங்கு, யசோ.”

“நீயும் வா.”

“எரிஞ்சது நான், பயம் உனக்கு. எல்லாத்தையும் நானே வச்சிருக்க ஏலாதுதானே?”

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய கழுத்தின் இடப்பக்கத் தோல் இழுபடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் காஸ் கசிந்து தீப்பிடித்தது. அக்கா குக்கர் அடுப்புக்கு முன்னால் நின்றாள். நான் கையில் கோப்பையோடு வாசலில் நின்றேன். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆசுப்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில் அவள் பழையபடி சமைக்கத் தொடங்கிவிட்டாள். அவள் குக்கரைப் பற்ற வைக்கும்போதெல்லாம் நான் கடற்கரைக்குப் போய்விடுவேன்.

விஞ்ஞான ஆசிரியையாக நியமனம் கிடைக்கும்வரை இந்தப் பயம் வீட்டோடு இருந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, காஸில் எரியும் பன்சன் சுடரடுப்பை இன்னும் படத்தில்தான் காட்டுகிறேன். அடுத்த தவணை என் செய்முறைப் பாடத்தைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர் வருவார். அவருக்கு முன்னால் அதைப் பற்ற வைக்க முடியாவிட்டால் நியமனம் உறுதியாகாது.

ஜெமீலா மிஸ் மனநல ஆலோசகர். தன் வீட்டின் முன்னறையில்தான் ஆட்களைப் பார்க்கிறார். இரண்டு கதிரைகள், ஒரு மின்விசிறி, உள்ளே போக ஒரு கதவு. தொலைபேசியில் நான் அவரிடம் சொன்னது ‘வீட்டில ஒரு விபத்து’ என்பது மட்டும்தான். அதற்கு மேல் வாய் வரவில்லை. வாசலுக்குக் கிட்ட இருந்த கதிரையில் இருந்தேன்.

“இண்டைக்கு ஒண்டும் சொல்லித்தான் ஆகவேணும் எண்டில்லை. என்னைப் பாத்துப்போட்டுப் போனாலும் சரி. நீங்கள் கதைக்கிறது இந்த அறையோட இருக்கும். உயிருக்கு ஆபத்தெண்டு எனக்குப் பட்டால் மட்டும்தான் வேற ஆளோட கதைப்பன். அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான்.”

“ஓம் மிஸ்.”

“இப்ப உடம்பில எங்க இறுக்கமா இருக்கு?”

யோசித்தேன். பதில் கிட்ட வந்த நேரம் உள்கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு வயதான முகம் எட்டிப் பார்த்தது.

“மகள், சீனி போடவா?”

“உம்மா! ஆக்கள் இருந்தால் வராதீங்க எண்டு சொன்னனான்தானே?”

“வந்த பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமல் அனுப்புறதா? நல்ல கதை.”

கதவு சரியாக மூடப்படவில்லை. செருப்புச் சத்தம் உள்ளே போனது. பிறகு, டிக்.

குக்கர் குமிழைத் திருப்பினால் அழுத்தப்படும் பளிங்கிலிருந்து வரும் மின்பொறி. பொறி மட்டும் எதையும் எரிக்காது. இதைப் படிப்பிக்கிறவள் நான்.

டிக்.

அன்றைக்கும் அக்கா எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். மூன்றாவது டிக்கில் சிரிப்புப் பாதியில் நின்றது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளே கதிரை விழுந்து கிடந்தது. மான் வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று என்னைப் பார்த்தது. அக்கா இல்லை, மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதற்கும் குந்திவிட்டேன்.

ஜெமீலா மிஸ் வந்தார். கிட்ட வரவில்லை. வாசற்படியில் நின்றார்.

“குக்கரை நிப்பாட்டியாச்சு. சிலிண்டரையும் பூட்டியாச்சு.” படியில் இருந்துகொண்டார். “என்ட பிழை, யசோதரா. உங்களைக் கேக்காமல் இஞ்ச ஒண்டும் நடந்திருக்கக் கூடாது. போறதெண்டால் போகலாம். கேற் திறந்துதான் இருக்கு.”

போகத்தான் நினைத்தேன். போனால் திரும்பி வரமாட்டேன் என்றும் தெரிந்தது. அடுத்த தவணை வரும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வகுப்பிலிருந்தும் இப்படித்தான் ஓடுவேன். கேற்றுக் கம்பி வெயிலில் சுட்டது. கையை எடுக்கவில்லை.

“காஸ்,” என்றேன். வாய்க்குள் இரும்பை நக்கியது போல இருந்தது. “அக்காவுக்குத்தான் எரிஞ்சது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

‘பாவம்’ என்று அவர் சொல்லவில்லை.

“ஓம்,” என்றார். “இப்ப எங்க இறுக்கமா இருக்கு?”

“கையில.”

வலக்கையைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் ஒரு கோப்பையைப் பிடித்தபடியே வளைந்திருந்தன.

அவர் கதிரைகளை முற்றத்துக்குத் தூக்கி வந்தார். என் செருப்பையும் கொண்டுவந்து வைத்தார். கேற்றுக்குக் கிட்ட இருந்தோம். நான் அதிகம் கதைக்கவில்லை. பாதம் மண்ணில் படுகிறதா என்று இடைக்கிடை கேட்டார். பட்டது.

“அடுத்த கிழமை வாறதெண்டால் சிலிண்டரை வெளியில எடுத்து வச்சிடவா?”

பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து யாரும் எனக்காகச் சிலிண்டரை வெளியே எடுக்கப்போவதில்லை.

“வேண்டாம் மிஸ். இருக்கட்டும். பத்த வைக்க முன்னம் எனக்குச் சொல்லுங்கோ.”

அக்கா மீன் பையோடு வந்து நின்றாள். “என்னடி, வெயிலுக்க இருக்கிறாய்? உள்ள ஒரு ஃபானும் இல்லையா?”

“தேத்தண்ணியும் இல்லை,” என்றேன். ஜெமீலா மிஸ் சிரித்துவிட்டார்.

வீட்டில் அக்கா மீனைக் கழுவி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். “போறியா?” என்று கேட்டாள். எப்போதும் கேட்பாள். நான் போன பிறகுதான் பற்ற வைப்பாள். வாசல் படலைவரைக்கும் போனேன். கடல் தெரிந்தது. திரும்பிக் கிணற்றடிக்கு வந்தேன்.

“அக்கா, சொல்லிப்போட்டுப் பத்த வை.”

குசினிக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது. அதில் சிரிப்பு இருக்கவில்லை.

“பத்த வைக்கப் போறன், யசோ.”

கிணற்றுக் கட்டைப் பிடித்தேன்.

டிக்.

பற்றவில்லை.

“இன்னொருக்கா,” என்றாள் அக்கா.

கண்ணை மூடிக்கொண்டேன். பாதம் மண்ணில் பட்டது.

“ஓம்,” என்றேன்.