தோல் சீல்

லாரியின் பழைய கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டிருந்த அவளுடைய தம்பிக்கு வாய் நிற்கவில்லை. அவள் தேநீரோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

"மாமா, இத்தனை வருஷம் நீங்க ஊத்தினது ஆயிலே இல்ல, தார்."

"தாரோ தேனோ, வண்டி ஓடிச்சில்ல மாப்பிள்ளை?" என்றார் அவள் கணவர்.

"எங்க ஓடிச்சு? காலையில ரெண்டாவது கியர் போட நீங்க படுற பாட்டைப் பார்த்தா, ஏதோ குடும்பத் தகராறு மாதிரி இருக்கு."

"உங்கக்காகூட குடும்பம் நடத்துறவனுக்கு அதெல்லாம் தூசு."

"வாயைக் குறைச்சு டீயைக் குடிங்க, ரெண்டு பேரும்," என்றாள் அவள்.

அது ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ஃபோர் வீல் டிரைவ் லாரி. முதுகில் தண்ணீர் டேங்க். குழாய் எட்டாத மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிப் போவது கணவரின் பிழைப்பு. தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். எந்த ஆயில் என்று வாரக்கணக்கில் படித்து, விசாரித்து, மண்டையை உடைத்துக்கொண்டான். கடைக்காரர் நீட்டிய ஜி.எல். ஐந்து ரக ஆயிலைத் திருப்பிக் கொடுத்தான். அதில் கந்தக மருந்து அதிகமாம்; பழைய கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடுமாம். ஜி.எல். நான்கு ரகத்தில், குளிரிலும் இறுகாத மெல்லிய செயற்கை ஆயிலாகத் தேடி வாங்கினான். பித்தளைக்கு ஒரு தாய்மாமன் கிடைத்துவிட்டான் என்று கணவர் சிரித்தார்.

மெயின் கியர்பாக்ஸுக்கும், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் சின்னப் பெட்டிக்கும் அதே ஆயில்தான். அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. சின்னப் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கும். பிரேக் டிரம்முக்கும் ஆயிலுக்கும் நடுவே, கசிவை அடைக்க, வண்டி பிறந்தபோது போட்ட ஒரு தோல் சீல். காய்ந்து சுருங்கிப்போன அதைத் தாண்டாமல் இத்தனை காலம் ஆயில் நின்றதற்குக் காரணம், பழைய ஆயிலின் கெட்டித்தன்மை. மெல்லியது நிற்கவில்லை. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் டிரம்முக்குள்ளேயே கசிந்து, பிரேக் பிடிக்கும் இடத்தை வழுக்கலாக்கிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து, மேட்டுத் தெருவில் கணவர் வண்டியை நிறுத்தினார். எஞ்சின் தண்ணீர் பம்பை ஓட்ட வேண்டுமானால் சக்கரங்களை விசையிலிருந்து விடுவிக்க வேண்டும். அப்போது வண்டியைப் பிடித்து நிற்பது ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். இறங்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்தார். வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு மதில் இருந்தது.

பிரேக் போட மறந்துவிட்டார் என்றார்கள். விசாரணைக்கு வந்தவர் அப்படியே எழுதிக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று அவருடைய கண்ணாடியை எடுக்க வண்டிக்குள் ஏறியவள் அவள்தான். பிரேக் லீவர் முழுக்க மேலே இழுத்தபடி இருந்தது. சொன்னால் செத்தவர் பேர் மிஞ்சும். வண்டியின் அடியில் கடைசியாகக் கை வைத்தவன் யாரென்றும் கேட்பார்கள். அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான்.

ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா ஏதோ அவசரத்துல பிரேக்கை மறந்துட்டாருக்கா. மனுஷன்தானே."

ஊரே சொன்னபோது பொறுத்தாள். அவன் வாயால் கேட்க முடியவில்லை.

"மறக்கலடா. லீவர் மேலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்து, சாக்குகூட விரிக்காமல், முற்றத்தில் நின்ற லாரியின் அடியில் புகுந்தான். ஸ்பேனர் சத்தம் கேட்டது. டிரம் கழன்றது. அவள் குனிந்தபோது அவன் ஆயில் படிந்த விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பித்தளையைத்தான்க்கா யோசிச்சேன். தோலை யோசிக்கவே இல்ல."

"வெளிய வாடா."

"மாமா பிரேக் போட்டிருக்காரு."

"சரி. நீ முதல்ல வெளிய வா."

அவன் வர இருட்டிவிட்டது.

விசாரணைக்காரரிடம் அவனே போய்ச் சொன்னான். தெருவில் வீடு வீடாகவும் சொன்னான், கேட்காதவர்களுக்கும். அதன்பின் பணிமனைக்குப் போகவில்லை. ஒரு நாள் ஊரைவிட்டே போய்விட்டான். அவள் தேடாத இடமில்லை. லாரியை யாரோ இரும்பு விலைக்கு எடுத்துப் போனார்கள்.

மேட்டு வீடுகளுக்குக் குழாய் இன்னும் போடவில்லை. வேறொருவர் வண்டியில் தண்ணீர் போகிறது.