பெட்ரோனிலாவின் மகள்

"டெல்பர்ட்னு எழுதும்மா" என்று ஒனோஃப்ரே ஆணியை நீட்டினான். எவலினா வாங்கவில்லை. மடியிலிருந்த, இன்னும் சுடாத மண் ஜாடியில் நீர்ப்பாம்பை வரைந்து அப்போதுதான் முடித்திருந்தாள். அவள் அம்மா பெட்ரோனிலா சோளம் அரைப்பதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

எங்கள் செவ்விந்தியர் ஊர்ச் சபையின் சட்டம் அப்படி. ஊர்ப் பெண் வெளியாளைக் கட்டினால் அவள் பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகள் இல்லை. ஆண் கட்டினால் குற்றமில்லை. பெட்ரோனிலா கட்டியது வேறு இனத்தவனான நவாஹோக்காரனை. ஒனோஃப்ரே கூட்டி வந்தது டென்வர் வெள்ளைக்காரியை. ஆகவே எங்கள் பாஷையில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத அவன் மகன் டெல்பர்ட் ஊர்க்காரன். இங்கேயே பிறந்து, இந்த மண்ணையே தோண்டிப் பிசைகிற எவலினா வெளியாள். நல்ல நியாயம் போங்கள்! அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் ஒனோஃப்ரேயும் ஒருவன்.

டூரிஸ்டுகள் வருகிற நகரச் சந்தையில் ஊர்க்காரர் பேர் போட்ட ஜாடிதான் விலை போகும். நல்லதுக்குத்தான் சொல்வதாக ஒனோஃப்ரே சொன்னான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"உனக்கப்புறம் இந்த வீடும் அவளுக்கு இல்லக்கா. சபையில நான் பேசுனாத்தான் உண்டு."

எவலினா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜாடியின் அடியில் அவன் மகன் பேரைக் கீறினாள். அவன் திருப்தியாகக் கிளம்பினான்.

பெட்ரோனிலா ஜாடியை வாங்கி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்தப் பேரைத் தேய்த்து அழித்தாள். மிஷன் பள்ளியில் அடி வாங்கிக் கற்ற எழுத்தில் 'பெட்ரோனிலாவின் மகள் எவலினா' என்று கீறினாள்.

"வேணாம்மா. மாமா சும்மா இருக்க மாட்டாரு."

"இருக்க வேணாம்."

ஜாடி நன்றாகக் காய்ந்த பிறகு சூளையில் வைத்து, புகை வெளியேறாதபடி சாணித்தூள் கொட்டி மூடினார்கள். ஜாடி கன்னங்கரேலென்று வந்தது. எழுத்தும் அதோடு வெந்து நின்றது. டெல்பர்ட் கவனிக்காமல் செய்தித்தாளில் சுற்றி வண்டியில் ஏற்றினான்.

சந்தையில் ஒரு வெள்ளைக்காரம்மாள் ஜாடியைத் திருப்பிப் படித்துவிட்டு இது யார் என்று கேட்டாள்.

"எங்க அத்தை பொண்ணு. எல்லாம் அவதான் செய்யறா" என்றான் டெல்பர்ட். பாவம், சூதுவாது தெரியாத பையன். ஒனோஃப்ரேயின் முகம் சுண்டிவிட்டது.

"அப்போ அவளும் உங்க ஊர்தானே? ஏன் இங்க உக்காரல?"

டெல்பர்ட் அப்பாவைப் பார்த்தான். ஒனோஃப்ரே செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தான். ஊர்க்காரர் மட்டுமே விற்க உட்காரும் கடைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே மகளோடு நின்ற பெட்ரோனிலா, உள்ளே போக உரிமை இருந்தும் போகவில்லை. அங்கிருந்தே ஒனோஃப்ரேயிடம் கேட்டாள்.

"சொல்லு தம்பி. இவ எந்த ஊரு?"