மழை வந்தபோது பாண்டே என்ன செய்துகொண்டிருந்தார்

வந்த கோபத்தில் பாகீரதி சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை ஜன்னல் வழியாகக் கல்கத்தா ஸ்ட்ராண்ட் ரோட்டைப் பார்த்து வீசினாள். மிச்சத் துண்டையும் வீசியிருப்பாள். அதற்கு அப்புறம் போர்டில் எழுத வேறு சாக்பீஸ் இல்லை.

அவளுக்கு இந்த வேலை தேவையா, நீங்களே சொல்லுங்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து டிராமில் நசுங்கி வந்து, நாள் முழுக்க டைப் அடித்து விரல் வீங்கி, ஐந்து மணிக்கு எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இவள் மட்டும் பதினோரு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும். பதினோரு பேரும் பியூன், வாசல் காக்கிற தர்வான், பம்ப் ஆப்பரேட்டர். எல்லாரும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் பக்கம். மேல் பதவிக்குப் போக இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டுவிட்டது. போட்டவன் டெல்லியில் சிவனே என்று இருக்கிறான்.

மாட்டிவிட்டவர் பத்மநாபன், செக்‌ஷன் சூப்பரிண்டெண்ட். "உங்களை விட்டா யாரும்மா இருக்கா? உங்களுக்கு இந்தியும் வரது, இங்கிலீஷும் வரது" என்று தேனாகப் பேசினார். அவருக்கு மார்ச்சில் ரிடையர்மெண்ட். அதுவரைக்கும் எந்த வேலையும் தன் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பார்க்கிற ஒரே வேலை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக இவளும் சரி சார் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்து மாசமாகப் பாடம் ஒரே இடத்தில் நொண்டிக்கொண்டிருந்தது. 'செய்துகொண்டிருந்தேன்' என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் பேசுகிற இந்தியில் 'இருந்தேன்' என்பதற்கான 'தா' கடைசியில் வருகிறதாம், அதனால் 'வாஸ்' என்கிற சொல்லையும் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பார்கள். "ஐ ஸ்லீப்பிங் வாஸ்!" என்பார் ராம்கேலாவன் பாண்டே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பதினோரு பேரில் மூத்தவர் அவர்தான். ஐம்பத்தேழு வயது. கீழே அடித்தளத்தில் இருக்கிற ரெக்கார்டு அறையும் அதன் தண்ணீர் பம்பும் அவர் பொறுப்பு. ரிடையர் ஆவதற்குள் தஃப்தரியாகிவிட வேண்டும், அதாவது காகிதக் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிற வேலை, அதற்குக் கொஞ்சம் கூடுதல் பென்ஷன் என்று கனவு.

விதியைச் சொல்லிப் பார்த்தாள், படம் போட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். கடைசியில் சீ போ என்று ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில் எழுதிப் போட்டாள். மழை வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாய்? "ஐ வாஸ் ஸ்லீப்பிங் வென் த ரெயின் கேம்." மழை வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"கேள்வி கேட்டா இதுதான் பதில். மாத்தினா பாருங்க! யாராவது இந்தியில வாயைத் திறந்தா வகுப்பு முடியற வரைக்கும் நிக்கணும்!"

பதினோரு பேரும் கோரஸாகச் சொன்னார்கள், நோட்டில் பத்துப் பத்துத் தடவை எழுதினார்கள், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்கள். பாண்டே மட்டும் ஐம்பது தடவை எழுதினார்.

எழுபத்தெட்டு செப்டம்பர் கடைசியில் அந்த மழை வந்தது. கல்கத்தாவே மிதந்தது. மத்தியானமே ஆபீஸை விட்டுவிட்டார்கள். பாகீரதி முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தால் அடித்தளம் குளமாகிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான கட்டுகள் ஊறிப்போய் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

சர்க்கார் ஆபீஸில் கெட்டது நடந்தால் யாரால் என்று கேட்பார்கள். நல்லது நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பென்ஷன் கணக்குக்கு ஆதாரமான, சிவப்பு அட்டை போட்ட சர்வீஸ் புத்தகங்கள் மட்டும் நனையாமல் இரண்டாம் மாடி வராந்தாவில் கிடந்தன. யாரோ எப்போதோ மேலே வைத்திருக்கிறார்கள், அதிர்ஷ்டம் என்று பத்மநாபன் ரிப்போர்ட்டில் எழுதினார். அதோடு பாண்டேக்கு இங்கிலீஷில் ஒரு மெமோவும் சொல்ல, பாகீரதிதான் அடித்தாள். 'ரெக்கார்டு அறைக்குள் மழைநீர் புகுந்தபோது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மூன்று நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்.' ஒரு நாளைக்கு நாற்பது கடுதாசி அடிக்கிறவளுக்குக் கை ஒரு பக்கம் ஓடும், மனசு அடுப்பிலே இருக்கும். பாண்டே எப்படியும் தன்னிடம் கொண்டுவந்து காட்டுவார், பதில் எழுதிக்கொடுத்தால் போச்சு என்று நினைத்தாள்.

அவர் வரவே இல்லை. மூன்றாம் நாள் பத்மநாபன்தான் வந்தார்.

"உங்க சிஷ்யன் இங்கிலீஷ்ல பின்னிட்டான், பாருங்கோ."

கேள்விக்குக் கீழே முத்து முத்தான கையெழுத்து. ஐ வாஸ் ஸ்லீப்பிங் வென் த ரெயின் கேம். ஸ்கேல் வைத்து அடிக்கோடு. கீழே கையொப்பம்.

"அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பாகீரதி. "சார், இது பாடம் சார்! நான் சொல்லிக்கொடுத்தது!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. டூட்டியில தூங்கினேன்னு தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். நாளைக்குப் பெரிய ஆபீசர் சென்குப்தா சாகேப் விசாரிக்கறார். டிஸ்மிஸ்தான்."

அடித்தளத்துக்குப் படியில் தடதடவென்று இறங்கினாள். பாண்டே எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாக, "ஒரு எழுத்தாவது தப்பா தீதி?" என்று கேட்டார். வகுப்பில் எல்லாருக்கும் அவள் தீதிதான், அதாவது அக்கா.

"இதை ஏன் என்கிட்ட காட்டலை?"

"பரீட்சைத் தாளை வாத்தியார்கிட்ட காட்டலாமா? அது காப்பி அடிக்கிற மாதிரி ஆகாதா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டைப் அடித்த காகிதம், ஆபீஸ் முத்திரை, ஒரு கேள்வி, கீழே காலி இடம். மனுஷர் அதைப் பரீட்சை என்று நினைத்திருக்கிறார். அதுவும் தெரிந்த கேள்வியே வந்திருக்கிறது! கோபத்தில் அவளுக்கு வாய் குழறியது. "இது பரீட்சை இல்லை. உங்க வேலையைப் பிடுங்கற காகிதம்!"

பாண்டே மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "பென்ஷனும் போயிடுமா?"

என்ன முட்டாள்தனம், என்ன முட்டாள்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டாள். உள்ளுக்குள், ஒருவேளை மனுஷர் நிஜமாகவே தூங்கித்தான் இருப்பாரோ என்றும் ஓடியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குச் சாகேப் அறையில், பத்மநாபனும் பாண்டேயும் நிற்கும்போது, கூப்பிடாமலே போய் நின்றாள். பதினோரு நோட்டுகளையும் மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"மிஸஸ் லக்ஷ்மிநாராயணன், என்ன இது?" என்றார் சென்குப்தா.

"திறந்து பாருங்க சார். இதை எழுதினதுக்கு இவரை டிஸ்மிஸ் பண்றதா இருந்தா பதினோரு பேரையும் பண்ணணும். சொல்லிக்கொடுத்த என்னை முதல்ல பண்ணணும்."

சாகேப் நாலைந்து நோட்டைப் புரட்டினார். எல்லாவற்றிலும் மழை வந்தது, எல்லாரும் தூங்கினார்கள். பாண்டேயின் நோட்டில் ஐம்பது தடவை தூக்கம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"சரி, இதை வாக்குமூலமா எடுத்துக்க முடியாது. அப்படின்னா மழை வந்தபோது இவர் என்னதான் செஞ்சுகிட்டிருந்தார்?"

பாகீரதி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாதே! தினம் தினம் வகுப்பில் அதே கேள்வியைக் கத்தியிருக்கிறாள், நேற்றுக்கூட எதிரே நின்று திட்டியிருக்கிறாள், பதில் தெரிந்துகொள்ள ஒரு தடவை கேட்டாளா? அவமானத்தில் காது சுட்டது. பாண்டே பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள்.

அவர் தயங்கினார். "இந்தியில சொல்லலாமா, தீதி?"

"சொல்லுங்க, சொல்லுங்க."

"கரண்ட் போயிடுச்சு, பம்ப் ஓடலை. வாளியால இறைச்சேன், தண்ணி அடங்கலை. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. எல்லாக் கட்டையும் ஒருத்தனால தூக்க முடியாது. அந்த இங்கிலீஷ் கட்டெல்லாம் படிச்சா எனக்குப் புரியாது, எது முக்கியம்னு எப்படித் தெரியும்? ஆனா ரிடையர் ஆகிறவங்க வந்து நின்னு கேக்கறது அந்தச் சிவப்பு அட்டைப் புஸ்தகத்தைத்தான். அது கிடைக்கலேன்னா அழுதுடுவாங்க, பாத்திருக்கேன். அதனால அதை மட்டும் தலையில வெச்சு ரெண்டாம் மாடிக்குக் கொண்டுபோனேன். இருட்டற வரைக்கும்."

சாகேப் பியூனை மேலே அனுப்பினார். அவன் கொண்டுவந்த புத்தகத்தின் அட்டையில் சேற்றுக் கைத்தடம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"என் சர்வீஸ் புத்தகமும் அதுலதான் இருக்கு" என்றார் பத்மநாபன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சாகேப் மெமோவை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். நோட்டுகளை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்ததும் பாகீரதிக்கு அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் பொங்கிவிட்டது. கண்ணில் தண்ணீரும் சேர்ந்து வந்தது.

"ஏன் பாண்டேஜி, இவ்வளவு செஞ்சிருக்கீங்க! இதை அந்தக் காகிதத்துல எழுத என்ன கேடு? தூங்கினேன்னு எழுதறதுக்கு இதை எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

பாண்டே தன் நோட்டை அடையாளம் பார்த்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாத்தினா பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, தீதி" என்றார். "இது பாடத்துல இல்லையே."